கனடா போகும் முன் மாமனார் நிலத்தை எழுதி வாங்க வேண்டுமா?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 35. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் ஊரில் விவசாயம் பார்க்கிறார், சொந்த டிராக்டரை வாடகைக்கும் ஓட்டுகிறார். 9 வயதில் மகள், 4 வயதில் மகன். மனைவியின் பெயரில் விண்ணப்பித்த கனடா நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது. செப்டம்பருக்குள் கிளம்ப வேண்டும்.

குடும்பம் உழுவது மொத்தம் 21 மா (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்). அதில் 15 மா கணவரின் தாத்தா சம்பாதித்து வாங்கியது. மீதி 6 மா மாமனார் பெயரில் உள்ள கோயில் குத்தகை. தாத்தா 1996-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாமனாருக்கு 70 வயது, மாமியாருக்கு 64. மாமனார், "அடுத்த வருஷம் லீவில் வரும்போது நிலத்தை உன் புருஷன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடறேன்" என்கிறாராம். அதுவரை பக்கத்து வீட்டுப் பங்காளிக்கு வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விடுவதாகத் திட்டம். கணவரின் நண்பர் ஒருவருக்குப் பொதுப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும், கணவர் வருடா வருடம் சம்பாவுக்கு வந்து நான்கைந்து மாதம் இருப்பார் என்றும் பேச்சு. இதற்கிடையில் சகோதரியின் அண்ணன், "வெளிநாடு போற உனக்கு இந்த நிலம் எதுக்கு" என்று, அவர்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். 42 பவுன் நகையை என்ன செய்வது, வங்கிக் கணக்கை அப்படியே விட்டுவிடலாமா, மாமனார் மாமியாரை ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்ள முடியுமா என்பவை மற்ற கேள்விகள். கடிதத்தோடு எடுத்துப்போக வேண்டிய சாமான் பட்டியல் ஒன்றும் வந்திருக்கிறது. இட்லித் தட்டு முதல் வற்றல் வரை இரண்டு பக்கம்!

சகோதரி, சாமான் பட்டியலை ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம். அதை மறந்தாலும் டொரான்டோவில் இட்லித் தட்டு கிடைக்கும். உங்கள் வேலைகளை முதலில் இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்களோ கணவரோ இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போது மட்டுமே செய்ய முடிந்தவை, அல்லது நேரில் நின்று கைரேகை வைக்க வேண்டியவை ஒரு பக்கம். அங்கே போன பிறகும் முடிக்கக்கூடியவை மறுபக்கம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உங்கள் கடிதத்திலும், "அடுத்த வருஷம்" என்று தள்ளி வைத்திருப்பது இப்போது முடிக்க வேண்டியது. இப்போதே வேண்டும் என்று அவசரப்படுத்தப்படுவது பொறுத்துச் செய்யக்கூடியது.

செட்டில்மெண்ட் அடுத்த வருடம் முடியாது

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-ன்படி, வேலைக்காகவோ காலவரையறை இல்லாமல் தங்கவோ வெளிநாடு கிளம்பியவர், கிளம்பியதிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுகிறார். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2019-ம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். ஆனால் விவசாய நிலத்தை வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. செட்டில்மெண்ட் என்று நாம் அழைப்பது சட்டத்தின் கண்ணில் தானம்தான். அடுத்த வருடம் லீவில் வந்து உங்கள் கணவர் பெயருக்கு நஞ்சை நிலத்தை எழுதி வாங்கினால் அது விதிமீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சார்பதிவாளர் ஒன்றும் கேட்காமல் பதிந்துகூடக் கொடுத்துவிடலாம். பதிவாகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது.

ஆனால் வாரிசாக அடைவதற்குத் தடையே இல்லை. உயில் மூலமாகவோ உயில் இல்லாமலோ, தகப்பனார் காலத்துக்குப் பிறகு மகனுக்கு வரும் விவசாய நிலத்தை அவர் கனடாவில் இருந்தபடியே வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் செப்டம்பருக்குள் செட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிடலாமா என்று கேட்பீர்கள். சட்டப்படி முடியும். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். 70 வயதுக்காரர், மகன் ஊரில் இல்லாத நேரத்தில், சொந்தப் பெயரில் நிலம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது, வி.ஏ.ஓ. அடங்கல் (சாகுபடிப் பதிவேடு), வெள்ள நிவாரணம் எல்லாம் நிலம் யார் பெயரில் என்றுதான் கேட்கும். மாமனார் உயில் எழுதட்டும். இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். நன்மை பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். உயிலை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது உங்களுக்குச் சற்று நெருடலாக இருக்கலாம். அவருக்கு அதுதான் பாதுகாப்பு. செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று குடும்பமே பிடிவாதமாக நின்றால், மாமனார் மாமியார் இருவருக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையும், அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அந்த நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்ய வழி உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது ஒரே வரியில் வந்து போகிறது. "அத்தைகள் ரெண்டு பேருக்கும் 1980-களிலேயே கல்யாணம் ஆகி சீர் செஞ்சாச்சு, 2005 சட்டம் அவங்களுக்குப் பொருந்தாது" என்று மாமனாரின் தங்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1989-ம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ன் மத்தியத் திருத்தமும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களின் பங்கைப் பற்றியவை. உங்கள் கணவரின் தாத்தா நிலத்தைத் தானே சம்பாதித்து வாங்கினார். அப்படிப்பட்ட சொத்தில், உயில் இல்லாமல் இறந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணம் எப்போது நடந்தது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பது கணக்கில் வராது. பாட்டியும் இப்போது இல்லை என்பதால், 15 மாவில் மாமனாருக்கு 5 மா, ஆளுக்கு 5 மா அத்தைகளுக்கு. முப்பது வருடமாக நாங்கள்தான் உழுகிறோம் என்பதும் உதவாது. கூட்டுப் பங்குதாரர் ஒருவர் அனுபவிப்பது எல்லாருக்குமான அனுபவமாகவே பார்க்கப்படும்.

அதனால் மாமனார் இன்றைக்கு 15 மாவுக்கும் உயில் எழுதினால், சட்டப்படி அது 5 மாவுக்குத்தான் செல்லும். குடவாசலிலும் திருச்சியிலும் இருக்கும் அத்தைகளை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். சட்டத்தைக் காட்டிப் பேசாமல், பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். நம் பக்கத்தில் அத்தைகள் கேட்பது பெரும்பாலும் நிலத்தை இல்லை, "என்னைக் கேட்டீங்களா" என்ற ஒரு மரியாதையை. விட்டுக்கொடுக்க மனமிருந்தால் அண்ணன் பெயருக்கு, அதாவது உங்கள் மாமனார் பெயருக்கு, விடுதலைப் பத்திரம். பணமாகவோ நிலமாகவோ வேண்டும் என்றால் பாகப்பிரிவினை. குடும்பத்துக்குள் செய்யும் இந்தப் பத்திரங்களுக்குச் சலுகைக் கட்டணமும் அதற்கு உச்சவரம்பும் உண்டு. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு போய்ப் பட்டாவையும் மாமனார் பெயருக்கு மாற்றுங்கள். அத்தைகள் இருவரும் நன்றாக இருக்கும்போது தேவை இரண்டு கையெழுத்து. அவர்கள் பிள்ளைகள் தலைமுறைக்குப் போனால், துபாயில் ஒருவர், மலேசியாவில் ஒருவர் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

குத்தகையும் கோயில் நிலமும்

பங்காளிக்கு வாய்வார்த்தைக் குத்தகை வேண்டாம் என்று யாரோ சொல்ல, 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத அக்ரிமெண்ட் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 11 மாதக் கணக்கு வீட்டு வாடகைக்கு வந்த பழக்கம். நெல் வயலுக்கு அது கவசமாகாது. தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டு, குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கோ) சாகுபடி செய்கிறவருக்கு, 1955-ம் வருட தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரும். குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது, வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது போன்ற காரணங்களைக் காட்டி வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். தவணை முடிந்தது, வெளியே வா என்று சொல்ல முடியாது.

இந்தச் சட்டத்தைத் திட்டுகிறவர்கள் ஊரில் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலைமையில் நம் ஊர்கள் இருந்தன. அதன் தொடர்ச்சிதான் இது. பங்காளி ஏமாற்றுவார் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் வெயிலிலும் சேற்றிலும் நின்று அவர் உழுத பிறகு அவருக்கு ஒரு உரிமை உண்டாகிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள் என்கிறேன்.

என்ன செய்யலாம்? மாமனார் நடமாட்டத்தோடு இருக்கிறார், ஊரை விட்டுப் போகவும் இல்லை. அதனால் சாகுபடி அவர் பெயரிலேயே நடக்கட்டும். நடவு, களை, அறுவடை எல்லாம் கூலிக்கும் இயந்திரத்துக்கும் விட்டு, மேற்பார்வைக்குப் பங்காளியை மாதச் சம்பளத்திலோ போகத்துக்கு இவ்வளவு என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உர ரசீது, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையப் பணம், அடங்கல் எல்லாமே மாமனார் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பயணம் சம்பா நாற்று விடும் நேரத்தில் வருகிறது. ஆகவே இந்த ஏற்பாட்டை ஜூனில் மேட்டூர் திறக்கும்போதே குறுவையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம். அவருக்கு முடியாது என்று தெரிந்தால், முறையாக எழுதிய குத்தகைக்கு விடுவதா, ஒரு பகுதியை விற்பதா என்று அப்புறம் யோசிக்கலாம்.

கோயில் நிலம் 6 மா வேறு கதை. அது உங்கள் சொத்தே இல்லை. மாமனார் குத்தகைதாரர், அவர் உழுகிற வரைதான் அவருக்கு உரிமை. அதை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டால் அந்த உரிமையையே இழக்க நேரிடும். உயிலிலும் அதைச் சேர்க்காதீர்கள். பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்குங்கள். உழ முடியாது என்றால் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பேச்சளவில் விட்டுவிட்டு, பிறகு குத்தகை பாக்கி என்று நோட்டீஸ் வந்து நிற்கிற குடும்பங்கள் நிறைய.

பவர் யாருக்கு, எவ்வளவு

நண்பருக்குப் பொதுப் பவர் என்றதும் என் பேனா நின்றுவிட்டது. முதலில், உங்கள் கணவர் பெயரில் இப்போது நிலமே இல்லை. இல்லாத சொத்துக்குப் பவர் எதற்கு? வங்கி, டிராக்டர் விற்பனை, கரண்ட் இணைப்பு போன்ற வேலைகளுக்கு மட்டும் என்றால், வேலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தனிப் பவர் கொடுங்கள். அதில் விற்கும் அதிகாரம், அடமானம் வைக்கும் அதிகாரம் இரண்டும் வேண்டாம். நண்பரை விடக் கணவரின் தங்கைக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான பவரை இங்கே எழுதினால் பதிவு செய்தாக வேண்டும். பிற்பாடு தேவைப்பட்டால் கனடாவில் இருந்தும் எழுதி அனுப்பலாம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். 2024 ஜனவரி முதல் கனடாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் ஆவணச் சான்றை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) சேர்ந்துவிட்டதால் அந்த வழியும் உண்டு. பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். ஆகவே இப்போதே எல்லா அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக அவசியமே இல்லை.

டிராக்டரை நண்பர் ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுப் போகாதீர்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் முன் உரிமையாளர். இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி ஒருவர் மேல் ஏறினால், நஷ்டஈட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரராக உங்கள் கணவர் பெயர் இருக்கும். விற்றால் பணத்தை வாங்கும் அன்றே பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் தடையின்மைச் சான்றும் வேண்டும். யாருடைய கடனுக்காவது அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஊர்க்காரர்கள் இதைப் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை.

உங்கள் வேலை

கடிதத்தில் எங்கும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வசிப்புரிமை கிடைத்ததால் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அங்கே ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி நர்ஸிங் ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. அதில் பதிவு பெற்ற பிறகுதான் பதிவு நர்ஸாக வேலை. சான்றிதழ் மதிப்பீடு, என்கிளெக்ஸ் தேர்வு என்று படிகள் இருக்கின்றன. இந்த மதிப்பீட்டுக்கு உங்கள் கையில் உள்ள மார்க் ஷீட் மட்டும் போதாது. நர்ஸிங் கல்லூரியும், சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலும், வேலை பார்த்த மருத்துவமனையும் தாங்களே நேரடியாக விவரங்களை அனுப்பும்படி கேட்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் போய் நின்று நகர்த்த வேண்டிய வேலை இது. டொரான்டோவில் இருந்துகொண்டு போனில் நடத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும். நீங்கள் குடியேறப்போகும் மாகாணத்தின் விதியைப் பார்த்து, ஜூனிலேயே தொடங்குங்கள். இப்போதைய மருத்துவமனையிலிருந்து அனுபவச் சான்றை எந்த வார்டில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு வாங்குங்கள். பதிவு கைக்கு வரும்வரை குடும்பம் நடத்தக் கையில் பணம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெயர் விஷயத்தையும் இதோடு முடியுங்கள். நம் ஊர்ச் சான்றிதழ்களில் ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். நான்கு பேருடைய எல்லா ஆவணங்களையும் ஒரு மேஜையில் பரப்பி, பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறுவதைத் திருத்துங்கள், திருத்த முடியாததற்கு ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் தேதிகள் தெளிவாக ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் பள்ளியில் அதைக் கேட்பார்கள்.

பணம், நகை, மூட்டை

வங்கிக் கணக்கை யாருக்கும் சொல்லாமல் அப்படியே வைத்திருப்பது விதிப்படி தவறு. சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனி. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை ஓடட்டும், நீட்டிக்க முடியாது. ஆதாரிலும் வங்கியிலும் பதிந்துள்ள செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். கிளம்பும் முன்பே ரோமிங் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. வராமல் இங்கே ஒன்றும் நடக்காது.

42 பவுனில் 18 பவுன் கூட்டுறவு வங்கியில் அடகில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அடகு வைத்தவர் நேரில் வந்து மீட்பதுதான் சுலபம். அதனால் போவதற்கு முன் மீட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போக வேண்டாம். கொண்டுபோகும் நகைக்கு மதிப்பீட்டாளர் சான்றும் போட்டோவும் எடுத்து, விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது வரி கேட்க மாட்டார்கள். கனடாவில் இறங்கியதும் குடியேறுவோர் கொண்டுவரும் பொருட்கள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒன்று, பின்னால் வரப்போவது இன்னொன்று என இரண்டு பட்டியல். பின்னால் கொண்டுபோகப்போகும் நகையையும் முதல் நாளே இரண்டாவதில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டதை அப்புறம் கொண்டுபோனால் வரி வரலாம். பட்டியலில் சேர்த்ததை 12 மாதத்துக்குள் விற்றாலும் வரிதான். 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ பணம் இருந்தால் அறிவிக்க வேண்டும். இங்கே வைக்கும் மீதி நகைக்கு லாக்கர். அதற்கு நாமினி போடுங்கள், வருடம் ஒருமுறையாவது யாராவது திறக்கட்டும்.

சாமான் பட்டியலில் 'வயல் மண் ஒரு பொட்டலம், விதை நெல்' என்று கணவர் கையெழுத்தில் இருக்கிறது. மனது புரிகிறது. ஆனால் மண்ணை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். விதைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிளகாய்ப் பொடியையும் வற்றலையும் அறிவித்துவிடுங்கள், போதும். மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டோடு 90 நாள் அளவு எடுத்துப் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதால் அங்கேயும் இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே வசிப்பவர் உலகின் எந்த மூலையில் வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும். உங்கள் பெயரில் இங்கிருக்கும் சொத்துக்கும் நகைக்கும் கிளம்பும் சமயத்து மதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்கும்போது அங்கே அந்த மதிப்பிலிருந்துதான் லாபம் கணக்கிடுவார்கள்.

அண்ணன் கேட்கும் கையெழுத்து

உங்கள் அப்பா 2019-ல் உயில் இல்லாமல் இறந்தார். அம்மா, அண்ணன், நீங்கள் மூவர் மட்டும். உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. வெளிநாடு போவதால் அது எங்கும் போய்விடாது. ஏற்கெனவே வாரிசாக வந்துவிட்ட நிலத்தை நீங்கள் அங்கிருந்தும் வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்துக் கொடுக்க மனம் வந்தாலும் அங்கிருந்தே பவர் அனுப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் செப்டம்பருக்கு முன் என்ற அவசரம் அண்ணனுடையது, உங்களுடையது இல்லை.

கொடுக்கவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அம்மாவை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார், உங்கள் படிப்புச் செலவும் அவர்தான் செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் கொடுங்கள். ஆனால் விடுதலைப் பத்திரம் பதிந்தால் திரும்பாது. முதலில் அம்மாவின் எதிர்காலத்தைப் பேசுங்கள். அம்மா பங்கு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் பங்குக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதுவதும் தவறில்லை. வாங்கும் தொகையைப் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். மாமனார் வீட்டு அத்தைகளிடம் போய்க் கையெழுத்துக் கேட்கப்போகும் நீங்களே, இங்கே அத்தை இடத்திலும் இருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே நியாயத்தோடு பேசினால் உங்களுக்கும் உறுத்தாது.

மாமனாரும் மாமியாரும்

ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்வோம் என்று அவர்களிடம் உறுதி கொடுக்காதீர்கள். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்துக்கு வருடத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து அழைப்பு வர வேண்டும். நடைமுறையில் கைகொடுப்பது, பெற்றோர் வந்து தங்குவதற்கான சூப்பர் விசா. ஒரு முறை போனால் 5 வருடம் வரை தங்கலாம். அதற்கு உங்கள் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தொட வேண்டும், அவர்களுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். 70 வயதில் அந்தக் காப்பீட்டின் பிரீமியம் சாமான்யமாக இராது. அதனால் வருமானம் நிலைப்பட்ட பிறகுதான் அது சாத்தியம்.

கணவர் வருடா வருடம் சம்பாவுக்கு வருவதில் சட்டத் தடை இல்லை. வசிப்புரிமை நிலைக்க, 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இடிக்காது. குடியுரிமை வாங்க அதைவிட அதிக நாள் தேவை, வேலை கொடுப்பவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வருடம் அவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டே ஊர் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

அந்த ஏற்பாட்டில் உங்கள் நாத்தனாரை நடுவில் வையுங்கள். அவர் இருக்கும் நீடாமங்கலம் பக்கத்துத் தூரம்தான். மாமனாரின் வங்கிக் கணக்கில் மாமியாரை இணைத்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றுங்கள். நாத்தனாரை நாமினியாகப் போட்டால், நாமினி பணத்தைப் பெற்றுத் தருகிறவரே தவிர அதனால் மட்டும் உரிமையாளர் ஆகமாட்டார் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் மனத்தாங்கல் பாதி குறையும். மாமனாரின் சர்க்கரை, பிரஷர் மருந்துச் சீட்டுகள், கடைசி ஈ.சி.ஜி., காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரு ஃபைலில், அதன் நகல் நாத்தனார் வீட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி, யார் கையெழுத்துப் போடுவது, முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து என்று நால்வரும் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். அந்தச் செலவுக்காக ஒரு தொகையை நாத்தனார் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அவர் கேட்கும்படி வைக்காதீர்கள். மாமனார் உயிலில் நாத்தனாருக்கு என்ன என்பதையும் இந்தச் சமயத்திலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் மகள், நிலம் முழுவதும் கனடாவில் இருக்கும் மகனுக்கு என்றால் அந்தப் பேச்சு வெகுநாள் நிற்காது.

மூலப் பத்திரம், தாத்தாவின் இறப்புச் சான்று, கோயில் குத்தகை ரசீதுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே உங்கள் ஊரில் ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். கணவரை மட்டும் அனுப்பாமல் மாமனாரையும் அழைத்துக்கொண்டு நீங்களும் போங்கள்.